துடைக்காத சுவர்

ஜனவரி 14, செவ்வாய்

பள்ளிக்கூடக் கிச்சினில் இன்றைக்கும் மக்கறோனி சீஸ். பிள்ளைகள் பாதியைக் குப்பையில் கொட்டினார்கள். வேறு நாள் என்றால் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கு அதுவும் இல்லை. காலையில் றொஷானியின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனேன், பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த மூச்சு முட்டு எங்கிருந்து வந்தது? றூபன் பக்கத்திலும் யாருக்கும் இல்லை, எங்கள் பக்கத்திலும் இல்லை. அவளுடைய கட்டிலுக்குப் பின்னால் நிற்கிற சுவரிலிருந்துதான் வந்தது. கறுப்புப் பூஞ்சணம். கூரை மூலையில் ஒரு பொட்டாகத் தொடங்கி இப்போது ஜன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. சனிக்கிழமை தோறும் பிளீச் போட்டுத் தேய்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை திரும்ப வந்து நிற்கிறது.

எங்களுக்கு இந்த வீட்டை வாடகைக்குத் தந்த ஹவுசிங்குக்கு றூபன் திரும்பவும் போன் எடுத்தார். ஜன்னலைத் திறந்து வைக்கட்டாம். ஹீற்றரையும் போடட்டாம். "ரெண்டையும் ஒண்டாச் செய்தால் பார்க்கிங் முழுக்கச் சூடாகும், எங்கட அறை மட்டும் சூடாகாது" என்றார். பஸ் ஓட்டிக் களைத்து வந்த மனிதருக்குப் பகிடி வருகிறது. எனக்கு வரவில்லை.

ஜனவரி 18, சனி

இன்றைக்கு ஒரு வெட்கக்கேடு. எழுதாமல் விட்டால் றூபன் தன் பாட்டுக்குக் கூட்டிக் கதை சொல்லித் திரிவார், அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

மார்க்கெட்டால் வரும்போது மழை பிடித்தது. மூலையில் ஒரு பழைய கோவில், கதவு திறந்திருந்தது. உள்ளே மாதா சுரூபம், முன்னால் மெழுகுதிரிகள், தூப வாசம். இவ்வளவு கிட்ட எங்கள் கத்தோலிக்கக் கோவில் ஒன்று இருந்ததா, இத்தனை வருடம் இரண்டு பஸ் ஏறிப் போனேனே என்று என்னையே பேசிக்கொண்டு போய் முழங்காலில் நின்றேன். றொஷானிக்காக ஒரு திரி கொளுத்தினேன். கொஞ்சம் அழுதேன்.

கோவிலுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாளிகள். கூரை ஒழுகுகிறது. கறுப்புச் சட்டையும் வெள்ளைக் கொலருமாக ஒருவர் குனிந்து ஒரு வாளியை மாற்றிக்கொண்டிருந்தார். "ஃபாதர்" என்று கூப்பிட்டேன். திரும்பினால் பெண்! ஐம்பது வயது இருக்கும், கட்டையாக வெட்டிய தலைமுடி. ஜமேய்க்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவவாம்.

"ஃபாதர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டேன்.

"இந்தக் கோவிலுக்கு நான்தான். மார்சியா" என்றா.

அங்கிலிக்கன் கோவில்! இங்கிலாந்துச் சபைக்காரர், அவர்களிடம் பெண்களும் குருவாகலாமாம். மாதாவும் திரியும் தூபமும் வைத்திருந்தால் நான் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பினேன். அவ போக விடவில்லை. "அந்தத் திரி யாருக்கு?" என்று மட்டும் கேட்டா. சொல்லத் தொடங்கியவள் மழை விட்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

றூபன் சிரித்து முடிக்கவில்லை. "பெர்னடெற், பெண்சாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டு வந்திருக்கிறாய்" என்கிறார். "அது எங்கட கோவில் இல்லை, கண்டியோ. பிறகு அங்க போய் நிக்காத" என்றும் சொன்னார்.

நிற்பதும் நிற்காததும் என் விருப்பம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

நின்றேன். செவ்வாய்தோறும் அந்தக் கோவில் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறார்கள். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் றொஷானியைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் சூடாக இருக்கும், அதற்காகவாவது போகலாமென்று.

சூப்பில் உப்பு இல்லை. தேத்தண்ணீரைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். ஆனால் அந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும். வங்காளிகள், நைஜீரியர், ருமேனியர், வீடில்லாத வெள்ளைக்கார ஆண்கள் இரண்டு பேர், எங்கள் மேல்மாடி வேதவல்லியும் ஒரு மூலையில். திருச்சிக்காரி, சைவம், யாரோடும் அதிகம் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முப்பது பேர்கூட வராத கோவில் இது. செவ்வாய்க்கிழமை இருக்க இடமில்லை. யாரையும் பார்த்து "நீ எந்தக் கோவில்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. மார்சியா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தா. எங்கள் சுவாமிமார் கோப்பை கழுவி நான் பார்த்ததில்லை.

பிறகு வந்து பக்கத்தில் இருந்தா. என்ன உதவி வேண்டும் என்று கேட்பா, இல்லை ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவ கேட்டது வேறு. "உனக்கு எதை நினைத்தால் கோபம் வருகிறது?"

என்னிடம் கோபத்தைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவேனா? சுவரைப் பற்றிச் சொன்னேன், ஹவுசிங்கைப் பற்றிச் சொன்னேன், வேலை செய்யாத லிப்டைப் பற்றிச் சொன்னேன். அவ குறுக்கே பேசவில்லை. முடிவில், "நான் உனக்காகப் பேசமாட்டேன். நீ பேசும்போது பக்கத்தில் நிற்பேன்" என்றா. முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. இங்கிலிஷ் தெரிந்த ஆள், தானே ஒரு சொல் சொல்லிவிட்டால் என்னவாம்?

கோவிலில் டொறத்தி என்று எண்பது தாண்டிய ஒரு கிழவி இருக்கிறா. ஹவுசிங்கின் போன் லைனில் காத்திருப்பதுதான் அவவுடைய ஊழியம். போனை மேசையில் வைத்துவிட்டுப் பின்னல் பின்னுகிறா, அந்தப் பக்கம் மியூசிக் போகிறது. ஆள் வந்ததும் எங்களிடம் போனைத் தருகிறா. இன்றைக்கு ஒரு குழந்தைக் காலுறை முடிந்து மற்றக் காலுறை தொடங்கின பிறகு ஆள் வந்தது. நானே பேசினேன். பெப்ரவரி 24 சுவரைப் பரிசோதிக்கச் சேவேயர் வருகிறாராம்!

பெப்ரவரி 23, ஞாயிறு

இடுப்பு ஒடிந்துவிட்டது. நாளைக்கு ஆள் வருகிறது. பூசை முடிந்து வந்ததிலிருந்து வேலைதான். திரைச்சீலை தோய்த்தாயிற்று, சமையலறைத் தட்டுகள் துடைத்தாயிற்று. றொஷானியின் அறையில் பிளீச் போட்டு மேலிருந்து கீழ்வரைக்கும் தேய்த்தேன். மிச்சமிருந்த பெயின்றை எடுத்து றூபன் ஒரு பூச்சுப் பூசிவிட்டார். எங்கள் கலியாண வீட்டுக்குக்கூடச் சுவர் இப்படி இருந்திராது.

வருகிற ஆளுக்குக் கொடுக்க, கிழங்கு அடைத்த பற்றிஸ் முப்பது சுட்டு வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 24, திங்கள்

வந்தார். நல்ல மனிதர், வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கையில் ஈரம் அளக்கிற சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார், பற்றிஸ் தட்டைக் கண்டதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டார். மூன்று சாப்பிட்டார். அறையைச் சுற்றிப் பார்த்து, "மிக அழகாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகும்போது நான்கு பற்றிஸ் சுற்றிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

ஆஸ்பத்திரி. றொஷானிக்கு முகத்தில் மாஸ்க். விலா எலும்புகள் உள்ளே உள்ளே போயின. கடவுளே, அந்த விலா எலும்புகள். மூச்சு முட்டுக்குத் தந்த பம்பை வாயில் அடித்தேன், திரும்ப அடித்தேன், கேட்கவில்லை. அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினார்கள்.

நேர்ஸ் கேட்டா, வீட்டில் பூஞ்சணம் இருக்கிறதா, கடும் மணமுள்ள எதையாவது பாவித்தீர்களா என்று. பிளீச் என்றேன். அவ ஏசவில்லை, எழுதிக்கொண்டா. பூஞ்சணமும் கூடாது, பூட்டிய அறையில் அந்தப் பிளீச்சும் கூடாதாம். என்ர கையாலயே... என்ர பிள்ளைக்கு நானே...

மார்சியா பஸ் பிடித்து வந்தா. யார் சொன்னார்களோ தெரியவில்லை. போன் சார்ஜர் ஒன்றும் வாழைப்பழமும் கொண்டு வந்தா. "ஜெபிக்கட்டுமா?" என்று றொஷானியிடம் கேட்டா, என்னிடம் இல்லை. பிள்ளை தலையாட்டினாள். இரண்டே வசனம். பிறகு கதிரையில் சும்மா இருந்தா. றூபன் டியூட்டி முடித்து ஓடி வரும்வரைக்கும் இருந்தா. அவர் வந்ததும் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தா. என் மனிதர் அதில் இருந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். பகிடி ஒன்றும் வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஹவுசிங்கிலிருந்து போன். சேவேயர் வந்து பார்த்தாராம், ஈரமோ பூஞ்சணமோ காணப்படவில்லையாம், விஷயம் முடிந்ததாம்.

காணப்படவில்லை! நான் அல்லவா காணாமல் பண்ணினேன். நோய் காட்டப் போகிறவள் பவுடர் பூசிக்கொண்டு போவாளா? நான் போயிருக்கிறேன். மார்சியாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? பின்னல் பின்னிய அந்தக் கிழவியிடம் என்ன சொல்வேன்?

மார்ச் 5, விபூதிப் புதன்

முழித்தேன். வேறு வழியில்லை, ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறா! குளிருக்குள் அங்கி போட்டுக்கொண்டு, கையில் சாம்பல் கிண்ணம். வேலைக்கு ஓடுகிற சனம் ஒரு நிமிஷம் நின்று நெற்றியைக் காட்டிவிட்டு ஓடுகிறது. கோவிலுக்குச் சனம் வராவிட்டால் சனம் போகிற இடத்துக்குக் கோவில் வர வேண்டியதுதான் என்று அவவுக்கு ஒரு நினைப்பு. பிடித்திருக்கிறது.

என் நெற்றியில் சிலுவை போட்டா. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயின்ற், பற்றிஸ், எல்லாம். கேட்டு முடித்தா. பிறகு சொன்னா: "போன வருடம் பிஷப் வந்தார். கூரை திருத்த உதவி கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டோம். அவர் வருவதற்கு முன் நான் வாளிகளை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்தேன். அன்றைக்கு மழையும் இல்லை. கோவில் நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்."

நெற்றியில் சாம்பலோடு இரண்டு பேரும் ஸ்டேஷன் வாசலில் நின்று சிரித்தோம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

"ஈஸ்டர் வரைக்கும், தபசுகாலத்துக்கு, எதை விடப் போகிறாய்?" என்று கேட்டா.

"வழக்கமா இறைச்சி."

"இந்த முறை இறைச்சியைச் சாப்பிடு. பிள்ளையை அந்த அறையிலிருந்து எடு. சுவரைத் துடைப்பதை விடு."

மார்ச் 25, செவ்வாய்

இதைவிட இறைச்சியை விடுவது எவ்வளவு சுகம்! றொஷானி முன்னறை சோபாவில் படுக்கிறாள், நெஞ்சுச் சத்தம் குறைந்திருக்கிறது. அவளுடைய அறைக்கதவு பூட்டியபடி. றூபனின் பெயின்றைக் கிழித்துக்கொண்டு கறுப்பு வந்துவிட்டதாம். அவர்தான் போய்ப் பார்த்துச் சொல்லுகிறார். "இஞ்சேர், நீ உள்ளுக்குப் போகாத. உன்ர கை சும்மா இராது" என்கிறார். உண்மைதான். என் வீட்டுக்குள் ஒரு ஊத்தைச் சுவர் இருக்கிறது, நான் வேலைக்குப் போய் வருகிறேன். அம்மா உயிரோடு இருந்து இதைக் கண்டிருந்தால் என்னை விட்டிருக்கமாட்டா.

இன்றைக்கு மண்டபத்தில் மார்சியா எல்லோர் முன்னாலும் வாளிக் கதையைச் சொன்னா. தன் மானத்தைத் தானே வாங்கினா. பிறகு, "ஆள் பார்க்க வருகிறது என்று சுவரைத் துடைத்தவர்கள் வேறு யார்?" என்று கேட்டா. நான் முதலில் கை தூக்கினேன். என் ஒரு கைதான் நிற்கப் போகிறது என்று நினைத்தேன். மண்டபத்தில் பாதிக் கை எழும்பியது.

வேதவல்லி கை தூக்கவில்லை. சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியேறும்போது கேட்டேன். "எங்க வீட்ல அதெல்லாம் இல்லக்கா" என்றாள். என் சுவரும் அவள் சுவரும் ஒரே சுவர், மேலும் கீழும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இந்தக் கோவில்காரர் சிலுவைப் பாதையைக் கோவிலுக்குள் செய்வதில்லை. பெரிய மரச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். எங்கே சனம் கஷ்டப்படுகிறதோ அங்கே நின்று, ஆண்டவர் சிலுவை சுமந்த பாடுகளில் ஒரு ஸ்தலத்தை வாசிக்கிறார்கள். மூடிவிட்ட இளைஞர் நிலையத்துக்கு முன்னால் ஒன்று, ஒரு பையனைக் கத்தியால் குத்திய பஸ் தரிப்பில் ஒன்று. எங்கள் பிளாக்குக்கு முன்னால் ஆறாம் ஸ்தலம். வெறோனிக்கா ஆண்டவருடைய முகத்தைத் துடைத்தது. அதை வாசிக்கிற வேலையை மார்சியா எனக்குத் தந்திருந்தா. தமிழில் வாசிக்கச் சொன்னா.

ஹவுசிங்கின் ஏரியா மனேஜரையும் நடக்கக் கூப்பிட்டிருந்தா. பெரிய வெள்ளி நடைதானே என்று அவரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்.

தமிழில் வாசித்து முடித்தேன். பிறகு யாரும் கேட்காமலே இங்கிலிஷில் சொன்னேன். "வெறோனிக்கா துடைத்தாள், அவருடைய முகம் துணியில் பதிந்திருந்தது. நானும் துடைத்தேன். என் துணியில் ஒன்றும் இல்லை, என் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது நான் துடைப்பதில்லை. ஐயா, வந்து பாருங்கள்."

வந்தார். வராமல் என்ன செய்வார், சிலுவையும் சனமும் நிற்கிறது. லிப்ட் இல்லை, நாலு மாடி. நான் கதவைத் திறந்தேன். தபசுகாலம் முழுவதும் நானும் பார்க்காத சுவர். அம்மா! கூரையிலிருந்து கட்டில் வரைக்கும் கறுப்பு. பிறத்தி ஆள் ஒருவருக்கு என் வீட்டில் இதைக் காட்ட வேண்டியிருந்ததே என்று உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் வாளியை எடுக்க வேண்டும் போல இருந்தது. மார்சியா பக்கத்தில் வந்து நின்றா. சொன்னது போலவே, ஒன்றும் பேசவில்லை.

"இதைக் கட்டாயம் கவனத்தில் எடுப்போம்" என்றார் மனேஜர்.

"எங்கள் பாஷையில் ஒரு சொல் இருக்கிறது. பாப்பம். அப்படிச் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். நீங்கள் சொன்னது அதுதானே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு றொஷானியைப் பார்த்தார், அவள் முன்னறைச் சோபாவில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சிரிப்பை விட்டார். "மே மாதம் திருத்தித் தருவோம். வெளிச்சுவரும் சேர்த்து" என்றார். வாசலில் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறாய்? றூபன்.

மே 20, செவ்வாய்

சாரம் கட்டியிருக்கிறார்கள். வெளியே குழாய் வெடித்துச் சுவருக்குள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வருடக் கணக்காக. துடைத்து எங்கே போகும் அது!

ஜூன் 8, ஞாயிறு

பரிசுத்த ஆவியின் திருநாள். காலையில் எங்கள் பூசை, மத்தியானம் மார்சியாவின் கோவில் முற்றத்தில் விருந்து. அவர்களுடைய பாட்டு இன்னும் இழுவைதான், தேத்தண்ணீரும் திருந்தவில்லை. நான் கொத்துரொட்டி போட்டுக் கொடுத்தேன். வெளியே வரிசை.

றூபன் கதிரைகளைத் தூக்கிக் காவினார். "இஞ்சேர், இவை நல்ல ஆக்கள்" என்றார். எங்கட கோவிலா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், நல்ல நாளாக இருந்தபடியால் விட்டேன்.

மார்சியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு வளையாது. இன்றைக்குக் கூட்டத்துக்குள் அவசரத்தில் "சுவாமி!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்து, "அது என்ன சொல்?" என்று கேட்டா. எங்கள் ஊரில் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். கண் கலங்கிவிட்டது அவவுக்கு. இனி அதுதான்.

றொஷானி தன் அறையில் படுக்கிறாள். சுவருக்கு மஞ்சள் நிறம் அவள்தான் தெரிவு செய்தாள்.

செப்டெம்பர் 20, சனி

திங்கட்கிழமை வேதவல்லி வீட்டுக்குச் சேவேயர் வருகிறார். வெளியே குழாயைத் திருத்தினார்கள், அவள் கேட்காதபடியால் அவள் வீட்டு உட்சுவரை ஒருவரும் தொடவில்லை. போன மாதம்தான் அவள் வாய் திறந்தாள், டொறத்தியின் மேசையில், போனைக் கையில் வாங்கி, தானாகவே பேசினாள். சுவாமி என்னைப் பார்த்து, "ஆள் வருவதற்கு முன் யாராவது ஒருக்கால் போய்ப் பார்த்தால் நல்லது" என்றா. யாராவது என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா?

படியேறும்போதே பிளீச் மணம் அடித்தது. கதவைத் திறந்தவளின் கையில் மஞ்சள் கையுறை. பின்னால் வாளி.

"அக்கா, நாளன்னிக்கு ஆள் வர்றாங்கல்ல" என்றாள். "இப்படியேவா காட்டுறது? அசிங்கமா இருக்குக்கா."

"எனக்கும் இருந்தது" என்றேன்.

உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன். பாதிச் சுவர் வெள்ளை, பாதிச் சுவர் கறுப்பு. அவள் மற்றப் பாதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கை துடித்தது. அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். அவள் கையிலிருந்து கையுறையைக் கழற்றிவிட்டேன்.

"வாற ஆளுக்குப் பற்றிஸ் நான் சுட்டுத் தாறன். தட்டு நிறைய வையுங்கோ. சுவரில மட்டும் கை வையாதேங்கோ."

அவள் தேத்தண்ணீர் போட்டாள். அந்தச் சுவருக்கு முன்னாலேயே நிலத்தில் இருந்து இரண்டு பேரும் குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

வாளியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் சமையலறை மூலையில் இருக்கிறது. திங்கள் பின்னேரம், ஆள் பார்த்துவிட்டுப் போன பிறகு, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.